மீதி ஏழு சதவீதம்

ஹெல்சிங்கியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே வரி:
எல்லா மொழிகளும் இனி ஒரே கூரையின் கீழ்.
கூரைக்குப் பெயர் பொது ரன்டைம்.
பிப்ரவரி பதினாறுக்குள் குடிபெயர வேண்டும்.
கெமி துறைமுகத்தில் அன்று
கடல் எண்பது சென்டிமீட்டர் தடிமன்.

பனியுடைக்கும் கப்பல்களுக்கு வழி சொல்லும் நிரல் அது.
யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள்,
அடுத்து யாரை மீட்பது,
யார் இன்னும் ஒரு காபி குடிக்கும்வரை காத்திருக்கலாம்.
ஆவ்லிக்கி எழுதியது, பத்தொன்பது குளிர்காலத்துக்கு முன்,
முழுக்க முழுக்க அடைப்புக்குறிகளால் ஆன ஒரு மொழியில்.
ஆறு குளிர்காலமாக அதற்குள் கைவிட்டுக்கொண்டிருப்பவள் நான்.

முதல் வாரம் இனித்தது.
கூட்டல் கூட்டலாகவே வந்து சேர்ந்தது,
பட்டியல் பட்டியலாக.
ஓஸி பாதாம் விழுது வைத்த பன் வாங்கி வந்தான்.
"மொழி வெறும் சட்டைதானே" என்றான், மீசையில் க்ரீமோடு,
"உள்ளே உடம்பு ஒன்றுதான்."

மூன்றாம் இரவு, மூன்று பத்துக்கு, உடம்பு விழுந்தது.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சின்னது.
பழைய வீட்டில் ஒரு வேலை முடியும் தறுவாயில்
அடுத்த வேலையைக் கூப்பிட்டால்
வந்த வழியை மறந்துவிடும்.
திரும்பிப் போய்ச் செய்ய அங்கே எதுவும் மிச்சமில்லை,
பிறகு எதற்கு நினைவு?
அப்படியே நடந்தது இத்தனை காலம், தடம் பதியாமல்.
புதிய வீடு ஒழுங்கானது.
ஒவ்வொரு கதவிலும் நிறுத்தி,
யார் அனுப்பியது, எங்கே திரும்புவாய் என்று கேட்டு,
ரசீது எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரசீதில்
அடுக்கு கூரையை முட்டியது.
வெளியே சிமெண்ட் ஏற்றிய கப்பலொன்று
வழி கேட்டபடி பனியில் நின்றது.

ஆவ்லிக்கியைக் கூப்பிட்டேன். இப்போது ரானுவாவில்
ஸ்னோமொபைல் பழுது பார்க்கிறாள். பின்னால் ஏதோ எஞ்சின் இருமியது.
"உன் நிரல் எங்கே முடிகிறது?"
"முடியாது.
கடல் உறைவதை நிறுத்தினால் சொல், அதையும் நிறுத்தலாம்."
வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஏமெலி, பனியைத் தள்ளிவிட்டு,
முழு அங்கியோடு டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்தான்.
எங்கள் தொழிலிலும் ஒரு தந்திரத்துக்கு அதே பெயர்.
எந்த வேலையும் அடுத்ததை நேராகக் கூப்பிடாது;
வலைக்குத் திரும்பும், சீட்டைக் கொடுக்கும், சாகும்.
சீட்டில் இருப்பவனை வலை எறியும்.
அடுக்கு உயராது. உயரவில்லை.
ஐந்து நொடியில் வந்த பதில் பதினேழு நொடியில் வந்தது.
குதித்துக் குதித்தே கடைக்குப் போகிறவனைப் போல.
கப்பல்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கெட்ட வார்த்தையும் சொன்னார்கள்.

இன்னொரு பகுதி இருந்தது, அதற்கு வலையும் இல்லை.
கணக்கின் நடுவே சட்டென்று நிற்கும்.
நின்ற இடத்தையே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்.
காற்று திசை மாறியதும் பிரித்து,
விட்ட மூச்சிலிருந்து தொடங்கும்,
தேவையானால் அதே இடத்துக்கு இரண்டாம் முறையும் வரும்.
ஒன்பது நாள் முட்டினேன்.
புதிய வீட்டின் சுவர்கள் மடியாதவை.
பத்தாம் நாள் ஓஸியிடம் சொன்னேன்:
சட்டை இல்லையடா, முழங்கால்.
அவன் தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை,
அவன் அப்போது அபராதப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிக்கையில் ஒரு கட்டம்: எவ்வளவு மாற்றப்பட்டது.
தொண்ணூற்றுமூன்று என்று எழுதினேன்.
மீதி ஏழு எப்போது என்று
வெள்ளிதோறும் கேட்கிறார்கள்.

மீதி ஏழு என் மேசைக்கு அடியில் ஓடுகிறது,
பழைய பெட்டியில்,
ஒற்றை நீலக் கம்பியால் புதிய வீட்டோடு பேசிக்கொண்டு.
நல்ல சூடு.
இழுவைப் படகிலிருந்து வரும் சினிக்கா
நனைந்த கையுறைகளை அதன்மேல்தான் காயப்போடுகிறாள்.